யுத்தத்தில் திறந்த கதவு சமாதானத்தில் ஏன் மூடியது?

அடையாற்றின் இரு கரைகளிலும் துரைமார் கட்டிய தோட்ட பங்களாக்களைத் தோழர்கள் பார்த்திருப்பார்கள். கும்பினிக் காலத்தில் ஜேம்ஸ் பிராடி என்ற துரை 11 ஏக்கரில் 1796 - 98 வாக்கில் தனக்கொரு கோட்டை கட்டிக்கொண்டார். இன்று அங்கே இசைக் கல்லூரி நடக்கிறது. அக்கரையில் ஹட்டில்ஸ்டன் தோட்டம் என்ற மாளிகையை 1882-ல் பிரம்மஞான சங்கத்தார் விலைக்கு வாங்கினார்கள். இன்னொரு மாளிகையில் துரைமாரின் கிளப் நடந்தது. உயர்ந்த தூண்கள், அகன்ற தாழ்வாரங்கள், ஆற்றுக் காற்று. ஒரு குடும்பம் வாழ்வதற்கு நூறு பேர் படுக்கக் கூடிய இடம்!

அந்தத் தாழ்வாரங்களில் கட்டில் போட்டு நோயாளிகளைக் கிடத்தினால் என்ன என்று யாராவது கேட்டால், "இதென்ன பைத்தியக்காரத்தனம்!" என்று சிரிப்பார்கள். ஆனால் துரைமாரின் சொந்தச் சீமையிலேயே அது நடந்திருக்கிறது. ஓரிரண்டு மாளிகைகளில் அல்ல, ஊருக்கு ஊர் நடந்தது. எப்போது நடந்தது, யாருக்காக நடந்தது, ஏன் நின்றுபோயிற்று என்பதை ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் தெரிந்துகொள்ள வேண்டும். இன்று நமது ஆஸ்பத்திரிப் பிரச்னைக்கு அதில் பாடம் இருக்கிறது.

சீமாட்டியின் கூடத்தில் சிப்பாயின் கட்டில்

1914-ல் முதல் மகா யுத்தம் மூண்டது. பிரான்சு நாட்டுக் களத்திலிருந்து காயம்பட்டவர்கள் கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்கு வந்தார்கள். ராணுவ ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிந்தன. அப்போது பிரபுக்களின் கிராமத்து மாளிகைகள், பள்ளிக்கூடங்கள், மாதாகோவில் மண்டபங்கள் எல்லாம் உப ஆஸ்பத்திரிகள் ஆயின. யுத்த காலத்தில் அப்படி நடந்தவை 3,000-க்கு மேல். செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் சங்கமும் திரட்டிய தொண்டர்கள், பெரும்பாலும் பெண்கள், அவற்றை நடத்தினார்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் நாளொன்றுக்கு இவ்வளவு என்று சர்க்கார் படி கொடுத்தது.

செஷயர் ஜில்லாவில் டன்ஹம் மாஸி என்ற மாளிகை ஸ்டாம்போர்டு பிரபு குடும்பத்துக்குச் சொந்தம். 1917 ஏப்ரலில் அது ஆஸ்பத்திரி ஆயிற்று. அதிகாரிகளுக்கல்ல, சாதாரணச் சிப்பாய்களுக்கு. விருந்தாளிகள் அமரும் பெரிய கூடத்தில் வரிசையாகக் கட்டில் போட்டார்கள். பெரிய மாடிப்படியின் அடியிலே அறுவைச் சிகிச்சை நடந்தது. அந்த வீட்டுப் பெண் லேடி ஜேனே தாதியாக நின்றார். சுரங்கத்திலும் ஆலையிலும் வயலிலும் உழைத்தவன், சாதாரண நாளில் அந்த வீட்டின் முன்வாசலை மிதிக்க முடியாதவன், அங்கே மெத்தையில் படுத்தான். சுத்தமான துணி, வேளாவேளைக்குச் சோறு, கவனிக்க ஆள். உயிர் பிழைத்தவர்கள் பலர். அந்தத் தாதிகளின் உழைப்பை நாம் குறைத்துப் பேசவில்லை. புண்ணைக் கழுவிய கை எந்த வீட்டுக் கையானாலும் நல்ல கைதான்.

ஆனால் அந்தக் கட்டிலிலும் வர்க்கம் இருந்தது. சாதாரணச் சிப்பாய்க்கு நீலச் சட்டை, நீலக் காற்சட்டை, சிவப்புக் கழுத்துப் பட்டை என்று ஆஸ்பத்திரி உடுப்பு. தெருவில் போனால் இன்னான் என்று எல்லோருக்கும் தெரியும். சாராயக் கடையில் அவனுக்கு ஊற்றக்கூடாது என்று உத்தரவு. அதிகாரிக்கு அந்த நீல உடுப்பு கிடையாது. தன் ராணுவ உடையிலேயே கையில் ஒரு பட்டை கட்டிக்கொண்டால் போதும். அதிகாரிகளுக்குத் தனி ஆஸ்பத்திரிகளும் இருந்தன. குண்டு ஆள் பார்த்துத் துளைப்பதில்லை. கட்டில்தான் ஆள் பார்த்தது.

தொண்டு செய்ய யாருக்கு வசதி?

சம்பளமில்லாமல் தொண்டு செய்ய முன்வந்த பெண்கள் யார்? பெரும்பாலும் மேல்தட்டு, நடுத்தட்டுக் குடும்பத்துப் பெண்கள். தொழிலாளி வீட்டுப் பெண்ணுக்கு மனமில்லையா? மனம் இருந்தது; அன்றாடக் கூலியை விட்டுவிட்டு ஊதியமில்லாமல் நிற்க வழியில்லை. அவள் வெடிமருந்துத் தொழிற்சாலைக்குப் போனாள். அங்கே மருந்து தோலில் ஊறி உடம்பே மஞ்சளாகப் போயிற்று. 'மஞ்சள் குருவிகள்' என்று ஊரார் அவர்களுக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். 1918 ஜூலை 1-ஆம் தேதி சில்வெல் என்ற ஊரில் குண்டுத் தொழிற்சாலை வெடித்து 134 தொழிலாளர்கள் செத்தார்கள். சீமாட்டி காயத்துக்குக் கட்டுப் போட்டது சரித்திரத்தில் படத்தோடு நிற்கிறது. குண்டு செய்து மஞ்சளாகிப்போன பெண்ணின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

நம் ஜனங்களின் கதை

இந்த யுத்தத்தில் இந்தியாவிலிருந்து 13 லட்சம் பேருக்கு மேல் கடல் கடந்தும் களத்திலும் சேவை செய்ய நேர்ந்தது. 70,000 பேருக்கு மேல் திரும்பவில்லை. பிரான்சில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களை இங்கிலாந்தில் பிரைட்டன் நகருக்குக் கொண்டுபோனார்கள். ராஜகுமாரன் ஒருவன் உல்லாசத்துக்காகக் கட்டிய அரண்மனை அங்கே இருந்தது. வெளியே பார்த்தால் நம் நாட்டுக் கட்டடம் போலக் குவிமாடங்கள். 1914 டிசம்பரில் அதை இந்தியர் ஆஸ்பத்திரி ஆக்கினார்கள். ஜாதிக்கும் மதத்துக்கும் ஏற்ப 9 சமையலறைகள், இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் தனித்தனித் தண்ணீர்க் குழாய்கள் வைத்தார்கள். அரண்மனையின் பெருமையை உருதுவிலும் பஞ்சாபியிலும் புத்தகமாக அச்சிட்டு இந்தியாவுக்கு அனுப்பினார்கள். "பாருங்கள், சக்கரவர்த்தி உங்கள் பிள்ளைகளை அரண்மனையிலேயே வைத்திருக்கிறார்" என்று காட்டி இன்னும் ஆள் சேர்க்க வேண்டுமல்லவா!

அதே ஊரில் இன்னொரு பெரிய ஆஸ்பத்திரி, கிச்சனர் ஆஸ்பத்திரி. அது எந்தப் பிரபுவின் மாளிகை? எந்தப் பிரபுவுடையதும் அல்ல. கதியற்ற ஏழைகளை வைத்திருந்த தர்ம விடுதி அது. அங்கிருந்த ஆங்கிலேய ஏழைகளை வெளியேற்றி வேறிடங்களுக்கு அனுப்பிவிட்டு இந்தியச் சிப்பாய்களுக்குக் கட்டில் போட்டார்கள். தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு நாட்டு ஏழையைத் தள்ளிவிட்டு இன்னொரு நாட்டு ஏழைக்கு இடம்! அதைச் சுற்றி முள்வேலி, வாசலில் காவல். வெள்ளைச் சிப்பாய் குணமானதும் ஊரைச் சுற்றலாம். இந்தியச் சிப்பாய் வேலிக்குள் இருக்க வேண்டும். வெள்ளைக்காரப் பெண்கள் இந்தியனுக்குத் தாதி வேலை செய்வது கௌரவக் குறைவு என்று 1915-ல் அவர்களையும் விலக்கினார்கள். காயம் ஆறியவனை வீட்டுக்கும் அனுப்பவில்லை. மறுபடி களத்துக்கே அனுப்பினார்கள். ஆலையில் தேய்ந்த பல்சக்கரத்தைப் பழுது பார்த்து மறுபடி மாட்டுவது போல.

பாக்தாத் என்ற வார்டும், டைக்ரிஸ் என்ற நதியும்

டன்ஹம் மாஸி மாளிகையின் அந்தக் கூடத்து வார்டுக்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? 'பாக்தாத்'. 1917 மார்ச்சில் ஆங்கிலேயப் படை பாக்தாத்தைப் பிடித்தது. அந்தப் படையில் பெரும் பகுதி இந்தியச் சிப்பாய்கள். வெற்றியின் பெயர் பிரபுவின் கூடத்துக்குப் போயிற்று. வெற்றி பெற்றுக் கொடுத்தவர்களின் கதி என்ன?

அதற்கு ஒன்றரை ஆண்டு முன்னால், 1915 நவம்பர் 22-ஆம் தேதி, பாக்தாத்துக்கு அருகே டெசிபான் என்ற இடத்தில் பெரும் போர். காயம்பட்டவர்களை டைக்ரிஸ் நதி வழியாகப் பாஸ்ராவுக்குப் படகில் அனுப்பினார்கள். மெஜிதியா என்ற கப்பலிலும் அதன் இருபுறமும் கட்டிய தோணிகளிலும் ஏறக்குறைய 600 பேர். கட்டில் இல்லை, விரிப்பு இல்லை, மலஜலம் கழிக்கப் பாத்திரம் இல்லை. வயிற்றுக் கடுப்பில் கிடந்தவன் எழ முடியாமல் கிடந்த இடத்திலேயே கழித்தான். ஏறக்குறைய இரண்டு வாரப் பயணம். கப்பல் பாஸ்ரா வந்தபோது அதன் பக்கங்களில் கயிறு தொங்குவதைப் போலத் தெரிந்தது என்றும், நெருங்கி வந்தபோது அது மலம் வழிந்து உறைந்தது என்று தெரிந்ததாகவும் வரேலா என்ற ஆஸ்பத்திரிக் கப்பலின் டாக்டர் மேஜர் கார்ட்டர் சாட்சி சொன்னார். உண்மையை எழுதியதற்காக அவரை மேலதிகாரிகள் கைது செய்வோம் என்று மிரட்டினார்கள். 1917-ல் விசாரணைக் கமிஷன் அறிக்கை வெளிவந்தபோது லண்டனே அதிர்ந்தது. இந்தியா மந்திரி ஆஸ்டின் சேம்பர்லின் ராஜிநாமா செய்தார். செத்தவன் எழுந்து வரவில்லை.

நமது சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. அந்த ஆண்டே கவர்னர் பென்ட்லண்டு பிரபுவின் ஆதரவில் சென்னை யுத்த நிதி திரட்டி, 'டண்டா' என்ற கப்பலை 'மெட்ராஸ்' என்ற ஆஸ்பத்திரிக் கப்பலாக மாற்றினார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவிலும் மெசபொடேமியாவிலும் விழுந்தவர்களை அது ஏற்றி வந்தது. நல்ல காரியம்தான். ஆனால் பெரம்பூரிலே அதே யுத்தத்துக்குக் காக்கித் துணி நெய்த பக்கிங்காம் கர்னாடிக் ஆலைத் தொழிலாளிக்கு மதியச் சோற்றை நிம்மதியாக உண்ணக்கூட அரைமணிக்கு மேல் அவகாசம் கிடையாது! சென்னையின் பணத்தில் கடலுக்கு ஆஸ்பத்திரி போயிற்று. சென்னையின் ஆலையில் சோற்றுக்கு நேரமில்லை. அந்தக் குறையைக் கேட்டவர்களில் ஒருவர் அடையாற்றிலிருந்து வந்தார். பிரம்மஞான சங்கத்தைச் சேர்ந்த பி.பி. வாடியா, செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு ஆகியோர் 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். மாளிகைத் தோட்டத்திலிருந்தும் நல்லவர்கள் வரலாம். ஆனால் சங்கம் நிலைத்தது மாளிகையினால் அல்ல, பெரம்பூரின் ஆயிரக்கணக்கான நெசவாளர்களின் உறுதியால்.

அதே 1918-ல் விஷக் காய்ச்சல் வந்தது. பட்டாளக் கப்பல்களோடு வந்த அந்த நோயில் இந்தியாவில் மாண்டவர்கள் ஒரு கோடிக்கும் மேல். யுத்தத்தில் செத்த நம்மவர்களைப்போல நூறு மடங்குக்கும் மேல். அவர்களுக்கு நதிக்கரை மாளிகையா? நல்ல கஞ்சிகூட இல்லை.

மாளிகையை மக்களே திறந்தபோது

மாளிகையில் ஆஸ்பத்திரி நடத்த இன்னொரு வழியும் உண்டு. 1936-ல் ஸ்பெயின் குடியரசின் மீது பிராங்கோ படையெடுத்தான். ஹிட்லரும் முசோலினியும் அவனுக்கு விமானமும் பீரங்கியும் கொடுத்தார்கள். உலகத்தின் பல நாட்டுத் தொழிலாளர்கள் குடியரசைக் காக்கத் தொண்டர் படையாகப் போனார்கள். டாக்டர்களும் நர்ஸுகளும் போனார்கள். அமெரிக்கத் தொண்டர்களின் ஆஸ்பத்திரி ஒன்று 1937-ல் வில்லா பாஸ் என்ற இடத்தில் நடந்தது. அது ஸ்பெயின் அரச குடும்பத்தின் கோடை மாளிகை. மன்னன் 1931-லேயே நாட்டை விட்டு ஓடிவிட்டான். மாளிகையைச் சுற்றிக் குடியானவர்கள் ஓட்டைக் குடிசைகளில் வாழ்ந்தார்கள். அங்கே காயம்பட்டவர்களைக் கவனித்தவர்களில் ஒருவர் சலாரியா கீ என்ற கறுப்பு இனப் பெண். அமெரிக்காவில் வெள்ளை நர்ஸுகளோடு ஒரே மேஜையில் சாப்பிடவும் போராட வேண்டியிருந்தது. ஸ்பெயினில் அவர் எல்லா நாட்டுக் காயத்துக்கும் ஒரே கையால் மருந்திட்டார். பிரைட்டனில் நிறம் பார்த்து நர்ஸுகளை விலக்கியதையும் இதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்!

அந்த ஸ்பெயினில் நமது நாட்டு டாக்டர் அடல் சேவை செய்தார். 1938-ல் அவர் தலைமையில் ஐந்து இந்திய டாக்டர்கள் ஜப்பானிய ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போராடிய சீனாவுக்குப் போனார்கள். அவர்களில் ஒருவர் ஷோலாப்பூர் ஆலை நகரத்துப் பிள்ளை துவாரகாநாத் கோட்னிஸ். அங்கே மாளிகை கிடையாது. கிராமத்துக் கோவிலிலும் குடியானவன் வீட்டிலும் அறுவைச் சிகிச்சை. 1942 டிசம்பர் 9-ஆம் தேதி, 32 வயதில், உழைத்து உழைத்தே அவர் உயிர் விட்டார். தொண்டு என்ற சொல்லுக்கு நாம் தலைவணங்குவது இத்தகையோருக்காக. அது மேலிருந்து கீழே இரங்கும் தயை அல்ல. தோளோடு தோள் நிற்கும் தோழமை.

யுத்தம் நிரூபித்தது என்ன?

யுத்தம் ஒன்றை மறுக்க முடியாமல் நிரூபித்தது. சர்க்கார் நினைத்தால் சில மாதங்களில் ஆயிரக்கணக்கில் கட்டில் கிடைக்கிறது. மாளிகை கிடைக்கிறது. டாக்டர் கிடைக்கிறார். பணம் கிடைக்கிறது. "நிதி இல்லை" என்ற பேச்சு பீரங்கிச் சத்தத்தில் கேட்பதே இல்லை.

முதல் யுத்தம் முடிந்ததும் மாளிகைகள் மறுபடி மாளிகைகள் ஆயின. ஆனால் இரண்டாம் யுத்தம் முடிந்தபோது பிரிட்டிஷ் தொழிலாளி ஏமாறவில்லை. விமானத் தாக்குதலுக்காக 1939-ல் ஆஸ்பத்திரிகளை எல்லாம் ஒரே திட்டத்தில் சர்க்கார் இணைத்திருந்தது. "குண்டு விழும்போது முடிந்தது, குண்டு விழாதபோது ஏன் முடியாது?" என்று ஜனங்கள் கேட்டார்கள். 1948 ஜூலை 5-ல் தேசியச் சுகாதாரச் சேவை பிறந்தது. அதைக் கொண்டுவந்த மந்திரி அன்யூரின் பெவன் தாமே நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர். அவருடைய ஊரான டிரெடீகரில் சுரங்கத் தொழிலாளர்கள் கூலியில் காசு போட்டு டாக்டரும் மருந்தும் பெற்ற சங்கம்தான் அவருக்கு முன்மாதிரி. கவனியுங்கள்: பிரபுவின் கூடம் முன்மாதிரி ஆகவில்லை, தொழிலாளியின் சந்தாவே முன்மாதிரி ஆயிற்று!

நம் நாட்டிலும் யுத்தத்தின் நடுவே, 1943-ல், போர் கமிட்டியை நியமித்தார்கள். 1946-ல் வந்த அதன் அறிக்கை, பிரிட்டிஷ் இந்தியாவில் ஆயிரம் பேருக்கு 0.24 கட்டில் என்றது. அதாவது நாலாயிரம் பேருக்கு ஒரு கட்டில். அதே நேரம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆயிரம் பேருக்கு 7.14. காசில்லை என்பதற்காக எவருக்கும் சிகிச்சை கிடைக்காமல் போகக்கூடாது என்று அந்தக் கமிட்டி சொன்னது. 1948-ல் தொழிலாளர் இன்ஷூரன்ஸ் சட்டம் வந்தது. 1952-ல் கான்பூரிலும் டில்லியிலும், 1955-ல் கோவையிலும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆலைத் தொழிலாளியின் கூலியிலிருந்து பிடித்த பணமும் முதலாளி கட்டும் பணமும் சேர்ந்து அந்தக் கட்டில் நிற்கிறது. அது யாருடைய தர்மமும் அல்ல. ஆனால் நாற்று நடும் பெண்ணுக்கும் கரும்பு வெட்டுகிறவனுக்கும் அந்தக் கட்டில் இன்றும் இல்லை.

அடையாற்றிலே நல்ல முயற்சிகளும் நடந்தன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் விடாமுயற்சியால் 1954-ல் 12 கட்டில்களோடு புற்றுநோய் ஆஸ்பத்திரி தொடங்கியது. டாக்டர் சஞ்சீவி 1958-ல் தொடங்கிய தொண்டு நிறுவனம் வருமானத்துக்கேற்ப வசூலித்து ஏழைக்கும் சிகிச்சை என்று வழி காட்டியது. இவர்களை நாம் மதிக்கிறோம். மதிப்பதாலேயே சொல்கிறோம்: நல்லவர் ஒருவரின் ஆயுளை நம்பி ஒரு தேசத்தின் ஆரோக்கியம் இருக்கக்கூடாது.

நேற்று நடந்த யுத்தம்

பழங்கதை பேசுகிறோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2020-ல் கொரோனா வந்தபோது சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் கட்டில் வரிசை போட்டார்கள். முதலாளிகள் சாமான் காட்டும் மண்டபம் நோயாளியின் வார்டு ஆயிற்று. கல்லூரி விடுதிகளும் அப்படியே. மறுபடி நிரூபணம்! நினைத்தால் இடம் கிடைக்கிறது.

அந்த நாளில் நர்ஸுகளை ஒப்பந்தத்தில் சேர்த்தார்கள். கவச உடைக்குள் வியர்த்து, பிள்ளைகளைப் பார்க்காமல், உயிரைப் பணயம் வைத்து நின்றார்கள். கைதட்டினார்கள், விளக்கேற்றினார்கள், ஹெலிகாப்டரில் பூ தூவினார்கள். 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு தமிழ்நாட்டில் 2,000-க்கு மேற்பட்ட அந்த ஒப்பந்த நர்ஸுகளின் வேலை முடிந்தது என்று உத்தரவு. புத்தாண்டில் அவர்கள் தெருவில் நின்று போராடினார்கள். யுத்த காலத்துக்குத் தொண்டு, சமாதான காலத்துக்குச் சீட்டுக் கிழிப்பு! பூ தூவக் காசு இருந்தது. நிரந்தரச் சம்பளத்துக்குக் காசு இல்லை.

நோய் என்பது ஏழைக்குத் தினமும் நடக்கும் யுத்தம். பஞ்சு தூசி நெஞ்சில் இறங்கும் ஆலைத் தொழிலாளிக்கு ஒவ்வொரு ஷிப்டும் களம். பூச்சி மருந்து அடிக்கும் விவசாயத் தொழிலாளிக்கு ஒவ்வொரு வயலும் களம். இந்த யுத்தத்துக்கு யாரும் முரசு அறைவதில்லை. அதனால்தான் கதவு திறப்பதில்லை.

மாளிகைக்காரரின் மனம் இளகட்டும் என்று காத்திருக்கச் சொல்லவில்லை நாம். நமது கோரிக்கை எளியது. ஒவ்வொரு வட்டாரத்திலும் டாக்டரும் மருந்தும் இருபத்துநான்கு மணி நேரமும் உள்ள சர்க்கார் ஆஸ்பத்திரி வேண்டும். தொழிலாளர் இன்ஷூரன்ஸ் சிகிச்சை விவசாயத் தொழிலாளிக்கும் கட்டடத் தொழிலாளிக்கும் வீட்டு வேலைப் பெண்ணுக்கும் வர வேண்டும். ஆபத்துக் காலத்தில் உழைத்த நர்ஸுக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கும் நிரந்தர வேலை வேண்டும். வரிப்பணத்தைத் தனியார் ஆஸ்பத்திரி வாசலில் கொட்டுவதை விட்டு, நமது ஆஸ்பத்திரியில் கட்டிலாக மாற்ற வேண்டும்.

ஆலை வாசல் கூட்டத்திலும் களத்துமேட்டுக் கூட்டத்திலும் இதைப் பேசுங்கள், தோழர்களே. உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் எத்தனை கட்டில், எத்தனை டாக்டர், எத்தனை இடம் காலி என்று எண்ணி எழுதிக்கொண்டு ஊர்வலமாகப் போங்கள். பீரங்கிச் சத்தம் கேட்டால்தான் கஜானா திறக்கும் என்றால், உழைக்கும் ஜனங்களின் குரல் அதைவிட உரக்கக் கேட்கட்டும்!